‘எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்’: குடியாத்தம் வாசகிக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்

குடியாத்தத்தைச் சேர்ந்த 26 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பி.காம். முடித்த இவர், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று இவர் கை பட்ட எதுவும் பிழையாகப் போனதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனமே இப்போது வினையாகிவிட்டது. இவரைப் பிரிவுப் பொறுப்பாளராக்க மேலாளர் முடிவு செய்திருக்கிறார். பொறுப்பாளர் என்றால் வாரந்தோறும் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுடன் வீடியோ அழைப்பில் பேசவேண்டும். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

நான்கு பேர் பார்த்தால் முகம் சூடாகிறது, கை நடுங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேன்டீனில் சாப்பிடுவதைத் தவிர்த்து, கோப்பு அறையில் தனியாகச் சாப்பிடுகிறார். கம்பெனி பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார். ஆனால் பாட்டு எதுவும் ஓடுவதில்லை. தோழியின் திருமணப் பந்தியில், எதிர்வரிசைக்காரர்கள் தன் கை நடுங்குவதைப் பார்த்துவிடுவார்களோ என்று பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும்போது இவர் மட்டும் மாடி அறையில் இருக்கிறார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என்று இவர் நினைப்பது எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி. குழந்தைகள் தின விழாவுக்கு வசூலித்த பணம் காணாமல்போனது. ஆசிரியை எல்லோர் முன்னாலும் இவருடைய பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி, மாலை வரை வராந்தாவில் நிற்கவைத்தார். மறுநாள் பணம் வேறொரு நோட்டுக்குள் கிடைத்தது. யாரும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவர் கேட்பவை: இது பி.டி.எஸ்.டி. எனும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயா? யூட்யூபில் சொல்வதுபோல் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து அழுது தீர்த்தால்தான் குணமாகுமா? மைத்துனர் வாங்கித் தரும் ‘லேசான’ அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையே போதுமா? மனநல மருத்துவர் தரும் மாத்திரை அடிமையாக்கிவிடும் என்கிறார்களே? வேலையை விட்டுவிடலாமா? மனநல மையம் இருக்கும் வேலூர் பாகாயம் பக்கம் போனால் திருமணம் நடக்குமா? அந்த ஆசிரியை மீது இப்போது புகார் தரமுடியுமா?

சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் இடம்பெறாத ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘சில இரவுகளில், காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது’ என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அப்படிப் போகமாட்டேன். அந்த எண்ணம் இப்போதும் வருகிறதா, வழிமுறை பற்றி யோசிக்கும் அளவுக்குப் போகிறதா என்பதைத்தான் நேரில் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பார். அதுவரை காத்திருக்க முடியாத இரவு வந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை அது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, நாள் முழுவதும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் அக்காவிடமாவது அந்த ஒரு வரியைச் சொல்லிவையுங்கள்.

இனி நோய் பற்றி. கடிதத்தை வைத்து மட்டும் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது சமூகப் பதற்றம் என்று நாங்கள் அழைக்கும் நிலையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இது வெறும் கூச்சம் அல்ல. கூச்சமுள்ளவர் பந்தியில் தலைகுனிந்து சாப்பிடுவார். நீங்கள் எழுந்தே வந்துவிட்டீர்கள். சாப்பாடு, வேலை, திருவிழா என்று வாழ்க்கையைச் சுருக்கத் தொடங்கும்போதுதான் அது நோயாகிறது. பெரும்பாலோருக்கு இது பதின்வயதின் தொடக்கத்தில், ஏறத்தாழ 13 வயதில் தலைகாட்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூடப் படபடப்பையும் நடுக்கத்தையும் தரும் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அந்த எட்டாம் வகுப்பு நாள்

பி.டி.எஸ்.டி. என்று நீங்களே பெயர் வைத்துவிட்டீர்கள். சமூகப் பதற்றமும் பி.டி.எஸ்.டி.யும் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஒரே ஆண்டில், 1980இல்தான் இடம்பிடித்தன. ஆனால் இரண்டும் வேறு. உயிருக்கு ஆபத்து, கடுமையான உடற்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றை எதிர்கொண்டவருக்குத்தான் அந்தக் கையேட்டின்படி பி.டி.எஸ்.டி. என்ற பெயர் பொருந்தும். அதனால் உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 13 வயதுப் பெண்ணை நாற்பது பேர் முன்னால் திருடியாக நிறுத்துவது மனக்காயம்தான். அந்தக் காயம் இன்று எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை மாறும்.

கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ‘மீட்டிங்கில் பேசும்போது நான் எதிரில் நின்று என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது, முகம் தக்காளிபோல் சிவந்து, திருட்டு முழி முழிக்கிற ஒருத்தி தெரிகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர்கள் ஆன் ஹேக்மன், டேவிட் கிளார்க் குழுவினர் பிரிட்டனில் சமூகப் பதற்றமுள்ளவர்களை விசாரித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இதைத்தான் பதிவுசெய்தார்கள். பதற்றம் ஏறும்போது அவர்களுக்குத் தங்களைப் பற்றிய ஒரு பிம்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. வெளியிலிருந்து அடுத்தவர் பார்ப்பதுபோல் அது தெரிகிறது. பலருக்கு அந்தப் பிம்பம், நோய் தொடங்கிய காலத்தில் நேர்ந்த ஓர் அவமானத்தோடு ஒட்டியிருக்கிறது. இன்றைய மீட்டிங்கில் நீங்கள் காண்பது 26 வயது ஆவணப் பிரிவு ஊழியரை அல்ல, வராந்தாவில் நின்ற சிறுமியை.

அப்படியானால் தோண்டத்தானே வேண்டும் என்பீர்கள். நான் உடன்படமாட்டேன். நடந்ததையெல்லாம் கட்டாயமாக ஒருமுறை கொட்டவைத்தால் மனம் தேறிவிடும் என்ற நம்பிக்கை, விபத்துகளில் தப்பியவர்களிடம் சோதிக்கப்பட்டு, பலனில்லை என்று கைவிடப்பட்டது. யூட்யூபுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை போலும். பழைய நினைவைக் கையாள வேறு ஒழுங்கான முறை இருக்கிறது. பயிற்சி பெற்றவரின் துணையோடு, முதலில் அந்தக் காட்சியை 13 வயதுக்காரியாக நினைவுகூர்வீர்கள். பிறகு இன்றைய வயதில் அந்த வகுப்பறைக்குள் நுழைந்து, ஆசிரியையிடம் சொல்லவேண்டியதைச் சொல்வீர்கள். மூன்றாவதாக மறுபடி சிறுமியாகி, பெரியவள் ஒருத்தி தனக்காகப் பேசியதைக் கேட்பீர்கள். ஜெனிபர் வைல்டும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இப்படிச் செய்த ஒரே அமர்வுக்குப் பின் அந்த நினைவின் வேதனையும் சமூகப் பயமும் குறைந்தன. பழையதை மாற்றுவது அல்ல இது. அதற்கு நீங்கள் கொடுத்துவைத்திருக்கும் பொருளை மாற்றுவது.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த நாள் உங்கள் பயத்தைத் தொடக்கிவைத்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக அதற்குச் சோறு போட்டு வளர்ப்பவை நீங்கள் தினமும் செய்யும் சின்னச் சின்னத் தற்காப்புகள். கடிதத்திலிருந்தே எடுக்கிறேன்: டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது, கழுத்துச் சிவப்பு தெரியாமல் துப்பட்டாவை இழுத்துச் சுற்றுவது, பேசவேண்டிய வாக்கியங்களை முதல் நாளே எழுதி மனப்பாடம் செய்வது, கேமராவை அணைத்துவைப்பது, பாட்டில்லாத ஹெட்போன். ஒவ்வொரு முறையும் ஒன்றும் கெடாமல் முடிந்ததும் மனம் என்ன கணக்குப் போடுகிறது? ‘துப்பட்டா இருந்ததால் தப்பித்தேன்’ என்று. துப்பட்டா இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, மனப்பாட வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் எதிராளி கேட்பதைக் கேட்கமாட்டார். அவரோ ‘இந்தப் பெண் ஒட்டமாட்டேன் என்கிறாள்’ என்று நினைப்பார். டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். இன்று சமூகப் பதற்றத்துக்குத் தரப்படும் சி.பி.டி. எனும் பேச்சுச் சிகிச்சை பெரிதும் அதன்மேல்தான் நிற்கிறது. 2014இல் 101 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தனிநபருக்குத் தரும் சி.பி.டி.தான் எல்லாவற்றிலும் கூடுதல் பலன் தந்தது.

எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு, வெளியில் போட்டுக்கொள்ளக் கூசும்படியான ஒரு டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையிலிருந்த படத்தை அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர். பந்தியில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் கவனம், என் ஊகத்தில், அடுத்த சுற்று கத்திரிக்காய்த் தொக்கு வருகிறதா என்பதில்தான் இருந்திருக்கும்.

கைப்பையில் இருக்கும் மாத்திரை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். அல்பிரசோலம் ‘லேசான’ மாத்திரை அல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, விற்றால் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டிய எச்1 பட்டியலில் இருப்பது அது. உங்கள் மைத்துனர் கேட்டவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததால் அதன் தன்மை மாறிவிடாது. மனநல மருத்துவரின் மாத்திரை அடிமையாக்கும் என்று பயப்படுகிறீர்கள். பழக்கத்துக்கு ஆளாக்கும் மாத்திரை ஏற்கனவே உங்கள் கைப்பையில் இருக்கிறது. மீட்டிங் அன்று மட்டும் என்று தொடங்கி, முந்தின இரவு அரை மாத்திரை, இப்போது தினமும் இரவில் ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே பலனுக்கு அளவு கூடிக்கொண்டே போவதுதான் இதன் இயல்பு. மேலே சொன்ன தற்காப்புகளில் பெரியதும் இதுதான்: மீட்டிங் நன்றாக முடிந்தால் பெருமை மாத்திரைக்குப் போகும், உங்களுக்கு வராது.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், நடுக்கம் கூடும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் அட்டவணை போட்டுத் தருவார், படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். முதல் சந்திப்புக்கு அந்த மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள்.

இதற்கு மருந்து தேவை என்றால் பொதுவாகத் தருவது செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை. இவை போதை தருவதில்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் எதுவும் செய்வதுமில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, சில சமயம் கொஞ்சம் கூடுதல் படபடப்பு இருக்கலாம். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்துவோம். வாழ்நாள் முழுக்க என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அலுவலகத் தோழி சொன்ன ப்ரோப்ரனலால், மேடைப் படபடப்புக்கு எப்போதாவது உதவும். சிறுவயதில் வீசிங் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அதைத் தொடாதீர்கள்.

வீட்டிலிருந்தே தொடங்குவதற்கு

சிகிச்சையாளரைப் பார்ப்பதற்குள் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு செயலைச் செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள். செய்தபின் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். உணர்ச்சியை அல்ல, நடந்ததை மட்டும். ‘கேவலமாக இருந்தது’ என்பது செய்தி அல்ல. ‘இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவர் சிரித்து, உப்பு கேட்டார்’ என்பது செய்தி.

முதலில் கேன்டீன். பத்து நிமிடம் போதும், டம்ளரை ஒரு கையால் பிடித்து. அடுத்து பஸ்ஸில் ஹெட்போன் இல்லாமல் ஒரு பயணம். பிறகு பஜாரில் ஒரு கடையில், வாங்கும் எண்ணமே இல்லாமல் இரண்டு லுங்கிகளின் விலையைக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். குடியாத்தம் லுங்கிக்குப் பேர்போன ஊர். அந்தக் கடைக்காரர்கள் இதைவிடக் கடினமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தற்காப்பையாவது கழற்றிவைக்கவேண்டும், இல்லையென்றால் அது பயிற்சியே அல்ல.

இன்னொன்று, சிகிச்சையில் நாங்கள் அதிகம் நம்புவது: அக்காவோடு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு ஷிப்மென்ட்டைப் பற்றிப் பேசி, அதை மொபைலில் பதிவுசெய்யுங்கள். பார்ப்பதற்கு முன், எவ்வளவு சிவந்திருப்பீர்கள், எத்தனை முறை தடுமாறியிருப்பீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பாருங்கள். மனத்திலிருக்கும் பிம்பத்துக்கும் படத்துக்கும் உள்ள தூரம் பலரைத் திடுக்கிட வைத்திருக்கிறது.

இரவில் படுத்துக்கொண்டு அன்றைய பேச்சை ஒவ்வொரு வரியாக விசாரிக்கிறீர்களே, அந்த நீதிமன்றத்தைக் கலைத்துவிடுங்கள். அங்கே தீர்ப்பு எப்போதும் ஒரே மாதிரிதான். நோட்டில் எழுதியதோடு வழக்கு முடிந்தது.

அம்மா மந்திரித்துக் கட்டிய தாயத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டிக்கொள்ளுங்கள், அம்மாவின் மனதுக்கு நிம்மதி. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டுதான் மீட்டிங்குக்குள் போவேன் என்றால் அதுவும் நோட்டில் ஏறவேண்டிய தற்காப்பு.

வேலை

ராஜினாமா செய்யாதீர்கள். விலகியவுடன் கிடைக்கும் நிம்மதி அபாரமாக இருக்கும்; அதுதான் அதன் ஆபத்து. வீட்டிலிருந்து செய்யும் டைப்பிங் வேலை என்பது மாடி அறையைப் பெரிதாக்குவதுதான். பதவியை இப்போதே முழுதாக ஏற்று முதல் வாரமே தனியாகப் பேசுவதும் வேண்டாம். தோற்றால் பழைய பிம்பத்துக்கு இன்னொரு சாட்சி சேரும். நடுவழி ஒன்று இருக்கிறது. மேலாளரிடம், ‘பொறுப்பை ஏற்கிறேன், முதல் இரண்டு மாதம் சீனியரோடு சேர்ந்து அழைப்பில் இருக்கிறேன், ஆவணப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்’ என்று கேளுங்கள். புதிய பொறுப்பாளர் யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கோரிக்கை இது. நோயைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. நிறுவனம் கேட்டாலும், உங்கள் சம்மதமின்றி மருத்துவர் தரமுடியாது.

ஆசிரியை மீது புகார்

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. உங்களுக்கு அது நேர்ந்தபோது சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆகவே ‘அந்தக் காலத்தில் எல்லா டீச்சரும் அப்படித்தான்’ என்று அப்பா சொல்வது சரியல்ல. அது அன்றைக்கே தவறு. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. ஆசிரியை ஓய்வுபெற்றுவிட்டார் என்கிறீர்கள். இத்தனை ஆண்டு கழித்து அதில் ஏதாவது நடக்கும் என்று நான் நம்பவில்லை. உறுதியாகத் தெரிந்துகொள்ள வேலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அவருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் போலிருக்கிறது என்றால் எழுதுங்கள். அனுப்புவதா என்பதைச் சிகிச்சையின் பாதியில் முடிவுசெய்யலாம்.

பாகாயமும் திருமணமும்

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம்போல நம் பக்கத்தில் பாகாயம் வசைச்சொல்லாகிவிட்டது. அங்குள்ள சி.எம்.சி. மனநல மையம் 1950களில் தொடங்கியது. நோயாளியைப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், குடும்பத்தினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைக் கொண்டுவந்த முன்னோடி இடங்களில் ஒன்று அது. உங்களுக்கோ தங்கவேண்டிய தேவையே இல்லை. புறநோயாளியாகப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். அங்கே போவதே தயக்கமென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரியுங்கள். எங்கே போனாலும் மருந்தோடு நிற்காமல், ‘சி.பி.டி. தரும் உளவியலாளர் இருக்கிறாரா’ என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் நிலை பல இடங்களில் இருக்கிறது.

காத்திருப்போர் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் உங்களுக்கு மட்டுமல்ல. தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தது தெரியவந்தது. அந்த வரிசையில் உங்களைப் பார்ப்பவரும் அதே வரிசையில் நிற்பவர்தானே.

திருமணத்தைப் பொறுத்தவரை, இந்து திருமணச் சட்டம் பேசும் மனநோய் என்பது சம்மதம் தரவே இயலாத நிலை அல்லது இல்லறத்துக்குத் தகுதியற்ற அளவிலான நோய். சமூகப் பதற்றம் அந்தக் கணக்கில் வராது என்பதே என் கருத்து. தரகரிடமோ பெண் பார்க்க வருகிற கூட்டத்திடமோ அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் பேச்சு ஒருவரோடு உறுதியாகும் கட்டத்தில், அவரிடம் மட்டும், நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: ‘கூட்டத்தில் எனக்குப் பதற்றம் வரும், சிகிச்சை எடுக்கிறேன், வேலைக்குப் போகிறேன்.’ மூன்று வாக்கியம் போதும். அதைக் கேட்டு எழுந்துபோகிறவர், நாளை உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் எழுந்துபோவார். திருமணத்துக்குப் பின் குழந்தைக்குத் திட்டமிடும்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் தொடரக்கூடிய மருந்துகள் உண்டு, நீங்களாக நிறுத்தவேண்டாம்.

பெண் பார்க்கும் சடங்கு வேண்டவே வேண்டாம், தட்டோடு வந்து நிற்கமுடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நோய்க்கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. முதல் சந்திப்பு கோயிலிலோ அக்கா வீட்டிலோ நான்கு பேரோடு நடக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எந்தப் பெண்ணும் கேட்கக்கூடியதுதான் அது.